முழங்காலுக்குப் பத்தியம் இல்லை

உயிரே போனாலும் ஞாயிற்றுக்கிழமை மட்டனை விடுவதில்லை என்று நிபாரண் சமாத்தார் சபதம் எடுத்தார். எடுத்த நேரத்தில் அவருடைய வலது கால் கட்டைவிரல் தக்காளிப் பழமாகச் சிவந்து, தனக்கென்று ஒரு தலையணை வாங்கிக்கொண்டு அதன்மேல் வீற்றிருந்தது. சபதம் என்றால் எழுந்து நின்று எடுப்பதுதான் அழகு. ஆனால் எழுந்தால் அலற வேண்டியிருக்கும். ஆகையால் படுத்தபடியே எடுத்தார்.

இரண்டு நாள் முன்னால் பர்தமானில் மைத்துனர் வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளை யார், பெண் யார் என்று இன்று கேட்டால் நிபாரண் பாபுவுக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. ஆட்டுக்கறி எப்படி இருந்தது என்று கேட்டால் அரை மணி நேரம் பேசுவார். ஈரல் வறுவல், இறால், மறுபடியும் ஆட்டுக்கறி. கடைசியில் பரிமாறுகிறவன் இவர் இலையைக் கண்டதும் வாளியோடு அடுத்த வரிசைக்கு ஓடினான். இவர் விடவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பந்தியில் உட்காருவதற்கு முன்னாலேயே அவன் பெயரைக் கேட்டு வைத்திருந்தார்.

தம் ஊரான சந்தன்நகருக்குத் திரும்பி வந்த மறுநாள் விடியற்காலையில் கட்டைவிரலில் யாரோ நெருப்பு வைத்தார்கள். மனைவி ஹிரண்மயி, பாவம், குளிருமே என்று அவர் காலின் மேல் போர்வையை இழுத்துவிட்டாள். அவ்வளவுதான். நிபாரண் பாபு போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது.

"ஏங்க, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லே. முழங்கால்."

"முழங்காலா? நான் போர்வையைப் பாதத்துலதானே போட்டேன்?"

"முழங்கால் கால்ல இல்லாம கழுத்துலயா இருக்கும்? ரெண்டும் ஒரே லைன்தான். போ, டீ போடு."

ஹிரண்மயி ஒரு நிமிஷம் நின்றாள். அப்புறம் டீ போடப் போய்விட்டாள். அவள் போன திசையைப் பார்த்து நிபாரண் பாபு பெருமூச்சு விட்டார். அந்த வலியிலும் வாயில் முழங்கால் என்று வந்ததே, அது சாதாரண புத்தியா? சணல் ஆலை ஆபீசில் தலைமை குமாஸ்தாவாக இருந்த புத்தி. ஓய்வு பெற்றாலும் மூளை ஓய்வு பெறவில்லை என்று தம்மைத் தாமே தட்டிக்கொடுத்தார்.

விஷயம் இதுதான். கட்டைவிரல் என்று வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். பக்கத்து வீட்டுப் பரேஷ் லாஹிரிக்கு இதே கட்டைவிரல்தான் போன வருஷம் சிவந்தது. அன்றைக்கு நிறுத்திய மட்டனை அந்த மனிதர் இன்றுவரை கண்ணால் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நிபாரண் வீட்டு ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு மூச்சை இழுத்து விடுவார். கேட்டால் பிராணாயாமம் என்பார்.

அந்தப் பரேஷ் லாஹிரி பத்து மணிக்கே கைத்தடியோடு வந்து சேர்ந்தார். பூகோள வாத்தியாராக இருந்தவர்; நிபாரண் பாபுவுக்குப் பரேஷ்தா, அதாவது பரேஷ் அண்ணன். எதையும் மலை, நதி, பாலைவனம் என்று பிரித்துச் சொன்னால்தான் அவருக்குத் தூக்கம் வரும். கட்டைவிரலை ஒரு முறை குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"வா தம்பி, வா. இத்தனை நாள் தனியா இருந்தேன்."

"மெதுவாப் பேசுங்க பரேஷ்தா. அவ காதுல விழப்போகுது. முழங்கால்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"முழங்காலா? எந்த வாதம்னு சொன்னே?"

"வாதம்னா வாதம்தானே. அதுல என்ன எந்த வாதம்?"

பரேஷ் லாஹிரி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். வகுப்பு ஆரம்பமாகிவிட்டது.

"அப்படி மொட்டையாச் சொன்னா மாட்டிக்குவே. மூட்டுவாதத்துல நூறு வகை இருக்காம். நம்ம தெருவுக்கு வர்றது மூணு. ஒண்ணு, தேய்மானம். எலும்பு முனையில மெத்தை மாதிரி ஒண்ணு இருக்கு, அது வயசாக ஆகத் தேயும். மாடி ஏறினா வலிக்கும், குந்தி எழுந்தா வலிக்கும், சும்மா இருந்தாக் குறையும். காலையில கொஞ்ச நேரம் விறைச்சிருக்கும், நாலு எட்டு நடந்தா இளகும்."

"ரெண்டாவது?"

"ரெண்டாவது கொஞ்சம் பொல்லாதது. நம்ம உடம்புக்குள்ள இருக்கிற காவல்காரன் புத்தி கெட்டுப்போய் நம்ம மூட்டையே திருடன்னு நினைச்சு அடிப்பான். ரெண்டு கை விரலும் ஜோடியா வீங்கும். காலையில ரொம்ப நேரம் விரலை மடக்க முடியாது. சின்ன வயசுக்காரங்களையும் பிடிக்கும். சீக்கிரம் வைத்தியம் பார்க்கலேன்னா கையே கோணிக்கும்."

"வீட்டுக்குள்ளேயே இருந்துக்கிட்டு வீட்டுக்காரனையே அடிக்கிறதா? வேண்டாம் பரேஷ்தா. அது ஏற்கெனவே ஒண்ணு இருக்கு."

"மூணாவது நம்ம ஜாதி. ரத்தத்துல யூரிக் ஆசிட் ஏறி, மூட்டுல ஊசி ஊசியா உறைஞ்சு போறது. நல்லாத் தின்னுட்டுத் தூங்கறவனைப் பார்த்து வந்து கட்டைவிரலைப் பிடிக்கும். போர்வை பட்டாலும் உயிர் போகும். பத்துப் பன்னிரண்டு நாள்ல தானா அடங்கிடும். அடங்கிடுச்சேன்னு பழையபடி தின்னா, மறுபடி வரும்."

நிபாரண் பாபுவுக்கு இந்தப் பூகோளத்தில் ஒரே ஒரு சந்தேகம்தான். "இதுல எதுக்குப் பத்தியம் இல்லே?"

"தேய்மானத்துக்கு. கறி, மீன் எதையும் நிறுத்தச் சொல்ல மாட்டாங்க."

"அப்போ எனக்குத் தேய்மானம்."

"வெறும் தேய்மானம் போதாது. ஏகாதசி, அமாவாசை, பூர்ணிமைக்கு வலி ஏறுதுன்னு முனகணும். அன்னைக்கு ராத்திரி சோறு தொடக்கூடாது. சுடச்சுடப் பொரிச்ச மைதா லூச்சி கேட்கணும்."

"அது வைத்தியப்படியா?"

"வைத்தியப்படி இல்லே. வங்காளிப்படி. அது இல்லாம இந்த ஊர்ல எவனும் உன் வாதத்தை நம்ப மாட்டான்."

நிபாரண் பாபு அந்தப் பெரிய மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டார். "பரேஷ்தா, இதெல்லாம் எனக்கு எதுக்குச் சொல்லித் தர்றீங்க?"

"நான் சுரைக்காயும் பப்பாளிக்காயும் தின்னே போய்ச் சேரப்போறேன். நம்ம தெருவுல ஒருத்தனாவது இந்த டாக்டரையும் பொண்டாட்டியையும் எதிர்த்து நின்னான்னு இருக்கட்டும்" என்றார் பரேஷ் லாஹிரி.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அந்த வீட்டில் நிஜமான முழங்கால் வலி ஒன்று ரொம்ப வருஷமாகவே குடியிருந்தது. அது ஹிரண்மயியுடையது. சமாத்தார் வீட்டுச் சமையலறை, நிபாரண் பாபுவின் தாத்தா கட்டியது. எல்லாமே தரையோடு தரை. அடுப்பு குட்டை மேடையில். அம்மி தரையில். மீன் நறுக்க அரிவாள்மணை, அதுவும் தரையில். ஒரு நாளைக்கு ஹிரண்மயி எத்தனை தடவை உட்கார்ந்து எழுந்திருப்பாள் என்று அவள் முழங்காலைத்தான் கேட்க வேண்டும். கழிப்பறையும் குந்தி உட்காருகிற பழைய காலத்துக் கழிப்பறை.

நின்றபடி சமைக்க ஒரு மேடையும், நாற்காலி மாதிரி உட்காருகிற கழிப்பறையும் வேண்டும் என்று அவள் கேட்காத துர்கா பூஜைக் காலம் கிடையாது. நிபாரண் பாபு மறுக்காத பூஜைக் காலமும் கிடையாது. "சமாத்தார் வீட்டுப் பொம்பளைங்க உட்கார்ந்துதான் மீன் நறுக்குவாங்க. நின்னுக்கிட்டு நறுக்க இது என்ன ரயில்வே கேன்டீனா? வலியெல்லாம் வயசுக்கு வர்றது. நாலு எட்டு நட, சரியாயிடும்" என்பார். அதோடு பேச்சு முடியும். அவள் வலி முடியாது.

ஆகையால், தேய்மானம் என்ற வியாதியின் மூலை முடுக்கெல்லாம் தெரிந்த ஒருத்தியிடம் போய் நிபாரண் பாபு தேய்மானம் என்று நடிக்கப் புறப்பட்டார். கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போகிறோம் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவர் கண்ணில் மட்டன்தான் தெரிந்தது.

மறுநாள் ஹிரண்மயி அவரைச் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றி டாக்டர் தபதியிடம் அழைத்துக்கொண்டு போனாள். நிபாரண் பாபு முன்யோசனையாக வலது காலுக்குக் கம்பளி ஸாக்ஸ் போட்டிருந்தார். இடது காலுக்குப் போடவில்லை. அது ஆரோக்கியமான கால், அதற்கு ஏன் வேர்க்க வேண்டும்?

"ஒரு காலுக்கு மட்டும் ஏன் ஸாக்ஸ்?" என்றார் டாக்டர்.

"இன்னொண்ணு காணோம் டாக்டர்."

"எங்க வலி?"

"வலது முழங்கால். தேய்மானம்னு நினைக்கிறேன். மாடி ஏறினா வலி, குந்தினா வலி, சும்மா இருந்தாச் சுகம். காலையில கொஞ்சம் விறைப்பு, நாலு எட்டு நடந்தா இளகிடுது."

டாக்டர் தபதி அவரை ஏற இறங்கப் பார்த்தார். இவ்வளவு வரிசையாகத் தம் வியாதியை ஒப்பித்த நோயாளி அவருக்கு இதுவரை வாய்த்ததில்லை. கையால் அழுத்தினார்.

"இங்க வலிக்குதா?"

"ஐயோ."

"நான் அழுத்தினது இடது முழங்கால்."

நிபாரண் பாபு ஒரு கணம்கூடத் திணறவில்லை. "அது கூடப்பிறந்தது இல்லையா டாக்டர், இரக்கப்பட்டு வலிக்குது."

டாக்டர் ஸாக்ஸைக் கழற்றச் சொன்னார். அதைக் கழற்றியபோது நிபாரண் பாபுவின் கண்ணில் நிஜக் கண்ணீர் வந்தது. கட்டைவிரலைக் காட்டி, "கல்யாணத்துக்குப் புதுச் செருப்பு போட்டேன், கடிச்சிடுச்சு" என்றார். டாக்டர் விரலைக் குனிந்து பார்த்தார். ரத்தம் எடுத்துக்கொண்டார். வலிக்கும் வீக்கத்துக்கும் மாத்திரை கொடுத்தார். பரிசோதனை முடிவு வரட்டும், யாராவது வந்து வாங்கிக்கொண்டு போங்கள் என்றார்.

அப்போதுதான் ஹிரண்மயி வாயைத் திறந்தாள். "டாக்டரம்மா, முழங்கால் தேய்மானம் இருக்கிறவங்க தரையில உட்காரலாமா?"

"கூடாதும்மா. சம்மணம் போடறது, குந்தறது எல்லாம் நிறுத்தணும்."

"குந்தி உட்கார்ற கக்கூஸ்?"

"ரொம்பத் தப்பு. உயரமான சீட் வேணும்."

"தரையில உட்கார்ந்து சமைக்கிறது?"

"எழுந்து உட்கார்ந்து, எழுந்து உட்கார்ந்து இருக்கிற மெத்தையும் போயிடும். இடுப்பு உயரத்துக்கு மேடை இருக்கணும்."

நிபாரண் பாபு குறுக்கே புகுந்தார். அவருக்குத் தேவையான கேள்வியை இன்னும் யாரும் கேட்கவில்லை. "டாக்டர், தேய்மானத்துக்குப் பத்தியம்?"

"தேய்மானத்துக்குன்னு தனியாப் பத்தியம் ஒண்ணும் கிடையாது. ஆனா எடை..."

மீதியை அவர் கேட்கவில்லை. கேட்டவரைக்கும் போதும் என்று எழுந்துவிட்டார். ஹிரண்மயியோ டாக்டர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் சாவிக்கொத்தோடு சேர்த்து முந்தானையில் முடிந்துகொண்டாள். இரண்டு பேரும் வெற்றிக் களிப்பில் ஒரே ரிக்‌ஷாவில் வீடு திரும்பினார்கள். இப்படிப்பட்ட தம்பதி அபூர்வம்.

வீட்டுக்கு வந்ததும் ஹிரண்மயி நேரே விஷயத்துக்கு வந்தாள்.

"மேஸ்திரியை வரச் சொல்லட்டுமா?"

"எதுக்கு?"

"மேடை கட்டணும், கக்கூஸ் மாத்தணும். டாக்டரம்மா சொன்னாங்களே."

நிபாரண் பாபு சிலிர்த்துக்கொண்டார். "என் தாத்தா கட்டின சுவத்துல எவனும் உளி வைக்க முடியாது. நான் செத்தப்புறம் இடிச்சுக்கோ."

"சரி, வேண்டாம்" என்றாள் ஹிரண்மயி. அவள் இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டு கல்யாணமான நாளிலிருந்து அவர் பார்த்ததில்லை. அவருக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. "அப்போ ஞாயித்துக்கிழமை மட்டனை விட்டுடலாம்."

"மட்டனுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"மட்டன் நீங்கதானே செய்வீங்க? என்னைக் கரண்டியைத் தொட விடமாட்டீங்க. குட்டை முக்காலியில ரெண்டு மணி நேரம் குந்திக்கிட்டு அந்த அடுப்புல கிளறணும். குந்தக் கூடாதுன்னு டாக்டரம்மா கண்டிப்பாச் சொல்லிட்டாங்க. உங்க முழங்காலைவிட எனக்கு மட்டனா பெரிசு? விட்டுடலாம்."

உண்மைதான். ஆறு நாளும் ஹிரண்மயி சமையல். ஏழாம் நாள் நிபாரண் பாபுவின் ராஜ்யம். கடுகெண்ணெயைப் புகைய வைத்து, வெங்காயத்தைப் பழுப்பாகும்வரை வதக்கி, தண்ணீர் விடாமல், மசாலா கறியோடு ஒட்டி எண்ணெய் பிரியும்வரை கிளறுவார். அந்த ருசி இந்தக் கரையிலும் இல்லை, கங்கைக்கு அந்தக் கரையிலும் இல்லை என்பது அவருடைய அபிப்பிராயம்.

"யாரு விட்டாங்க மட்டனை?" என்று சீறினார். "என் தட்டுல கைவைக்க டாக்டருக்கும் உரிமை இல்லே, முழங்காலுக்கும் உரிமை இல்லே. நின்னுக்கிட்டே கிளறுவேன். கூப்பிடு மேஸ்திரியை. மேடை கட்டு."

"கக்கூஸ்?"

"அதையும் கட்டு. முழங்கால் ஒண்ணுதானே?"

மறுநாள் காலை கஃபூர் மேஸ்திரி வந்தார். வந்ததும் நிபாரண் பாபுவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, "மாஷீமா, முன்னாடி அளந்துக்கிட்டுப் போன அதே அளவுதானே?" என்று, ஊர் வழக்கப்படி ஹிரண்மயியைச் சித்தி முறை சொல்லிக் கேட்டார்.

"முன்னாடி எப்போ அளந்தீங்க?" என்றார் நிபாரண் பாபு.

"போன வருஷம் பாபு. அதுக்கு முந்தின வருஷமும் அளந்தேன். மாஷீமா கூப்பிடும்போதெல்லாம் வந்து அளந்துட்டுப் போவேன். அளவு மாறவே இல்லே."

மத்தியானத்துக்குள் தாத்தாவின் சுவர் பாதி போய்விட்டது. மாடிப்படிக்கு அடியில் ஒற்றை அடுப்பு ஒன்றை வைத்துக்கொண்டு ஹிரண்மயி சமையலை நடத்தினாள். அதில் என்ன வரும்? சோறு வந்தது. சுரைக்காய் வந்தது. பப்பாளிக்காய் வந்தது. மறுநாள் பப்பாளிக்காய் முதலிலும் சுரைக்காய் பிறகும் வந்தன.

"மசாலா இல்லாம இதை எப்படி முழுங்கறது?"

"அம்மி சிமெண்ட் மூட்டைக்கு அடியில இருக்குங்க."

"பருப்பாவது?"

"குக்கர் அந்த ரூம்ல இருக்கு. வாசல்ல செங்கல் அடுக்கியிருக்காங்க."

"ஒரு மீன் தலை?"

"அரிவாள்மணையைப் பரணையில போட்டாச்சு. பொறுத்துக்குங்க. மேடை வந்துட்டா அப்புறம் ராஜபோகம்தானே?"

நிபாரண் பாபு பொறுத்தார். ஜெயிலுக்குப் போன தியாகிகள் களி தின்னவில்லையா? கொள்கைக்காக ஒருவன் சுரைக்காய் தின்றால் அது சுரைக்காய் ஆகாது. வேளாவேளைக்கு ஹிரண்மயி மாத்திரை கொடுத்தாள். சொம்பு சொம்பாகத் தண்ணீர் கொடுத்தாள். "தேய்மானத்துக்குத் தண்ணி நல்லதா?" என்று ஒரு தடவை கேட்டார். "எதுக்கும் நல்லதுதான்" என்றாள்.

பார்க்க வந்த பரேஷ் லாஹிரி தட்டை எட்டிப் பார்த்துவிட்டு அதிர்ந்துபோனார். "பப்பாளிக்காயா? நீயுமா நிபாரண்?"

"இது தற்காலிகம் பரேஷ்தா. கிச்சன் வேலை நடக்குது."

"எனக்கும் தற்காலிகம்னுதான் சொன்னாங்க" என்று அவர் எழுந்து போய்விட்டார்.

ஏகாதசி வந்தது. சாயங்காலம் விளக்கு வைத்ததும் நிபாரண் பாபு முழங்காலைப் பிடித்துக்கொண்டு அடிவயிற்றிலிருந்து முனகினார். மூன்றாவது முனகலுக்கு ஹிரண்மயி வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க?"

"இன்னைக்கு ஏகாதசி இல்லையா? வலி ஏறுது."

"என் முழங்காலுக்கு இத்தனை வருஷமாப் பஞ்சாங்கம் பார்க்கத் தெரியலே. அது பாட்டுக்கு எல்லா நாளும் வலிக்கும். உங்க முழங்கால் படிச்ச முழங்கால்."

"ராத்திரி சோறு வேண்டாம். நாலு லூச்சி, கொஞ்சம் உருளைக்கிழங்கு..."

"எண்ணெய்ச் சட்டியில கஃபூர் மேஸ்திரி கலவை கலக்கிட்டார். ரெண்டு சுக்கா ரொட்டி தர்றேன். தொட்டுக்கப் பப்பாளிக்காய்."

நடிப்பில் இன்னும் உயிர் வேண்டும் என்று நிபாரண் பாபுவுக்குத் தோன்றியது. அதற்கு ஒரு மாதிரி வேண்டும். படுத்த இடத்திலிருந்தே மனைவியைக் கவனிக்க ஆரம்பித்தார். மாடிப்படிக்கு அடியில் அவள் இன்னும் தரையில்தான் உட்கார்ந்து ஒரு கத்தியால் காய் நறுக்கினாள். எழுந்திருக்க வேண்டுமென்றால் முதலில் இடது கையைத் தரையில் ஊன்றுவாள். அப்புறம் வலது கை சுவரைத் தேடும். பாதி எழுந்ததும் ஒரு கணம் அப்படியே நிற்பாள். கீழ் உதட்டைக் கடித்துக்கொள்வாள். பிறகு நிமிர்வாள். முதல் நாலைந்து அடி மரக்கால் வைத்ததுபோல வரும். அப்புறம்தான் நடை வரும்.

இதையெல்லாம் நிபாரண் பாபு பாடமாகப் படித்தார். இரண்டு நாள் படித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. முப்பது வருஷமாக அதே வீட்டில் அதே மனுஷி இப்படித்தான் எழுந்திருந்தாள். அன்பினால் பார்க்காததை, ஏமாற்றுவதற்காகப் பார்த்திருக்கிறார். "ஹிரணு, நீ எழுந்திருக்காதே, நான் எடுத்துக்கறேன்" என்று ஒரு தடவை சொல்லியும்விட்டார். அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் நின்றது. தட்டில் மறுபடி சுரைக்காயைப் பார்த்ததும் போய்விட்டது.

கட்டைவிரலும் நாளுக்கு நாள் வற்றியது. சிவப்பு போயிற்று. தலையணை வேண்டியிருக்கவில்லை. ஆனால் மேடை முடியும்வரை நொண்டியாக வேண்டுமே. நொண்டினார். ஒரு நாள் அவசரத்தில் இடது காலை நொண்டிக்கொண்டு போனார். ஹிரண்மயி அவருக்கு வழிவிட்டு ஒதுங்கினாள்.

ஒரு சனிக்கிழமை வேலை முடிந்தது. கறுப்புக் கல் மேடை பளபளவென்று இடுப்பு உயரத்தில் நின்றது. அடுப்பு மேலே. அம்மி மேலே. அரிவாள்மணைக்குப் பதிலாகப் பலகையும் கத்தியும் மேலே. கழிப்பறையில் வெள்ளைச் சிம்மாசனம். ஹிரண்மயி மேடைக்கு முன்னால் நின்று கல்லைக் கையால் தடவினாள். ரொம்ப நேரம் தடவினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நிபாரண் பாபு குளித்துவிட்டு, வெளுத்த வேட்டி கட்டி, கறிக்கடை வரிசையில் முதல் ஆளாய் நின்றார். பின்தொடைக் கறி. எலும்பு கொஞ்சம். ஈரல் தனியாக. திரும்பி வரும்போது பரேஷ் லாஹிரியின் ஜன்னலுக்குக் கீழே நின்று பையைத் தூக்கிக் காட்டினார். "ஜெயிச்சுட்டேன் பரேஷ்தா. எதிர்த்து நின்னா எதுவும் நடக்கும்" என்றார். ஜன்னலுக்குள்ளிருந்து பெரியவர் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

பையை மேடைமேல் வைத்தார். ஹிரண்மயி மேடைக்கு முன்னால் நின்றபடி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, "உங்களுக்குச் சுரைக்காய் வெச்சிருக்கேன்" என்றாள்.

"எனக்கு எதுக்குச் சுரைக்காய்? கிச்சன்தான் ஆயிடுச்சே. முழங்காலுக்குப் பத்தியம் இல்லேன்னு டாக்டரே சொன்னாங்களே."

"முழங்காலுக்கு இல்லேங்க. கட்டைவிரலுக்கு இருக்கு."

நிபாரண் பாபு வலது காலை இடது காலுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"எந்தக் கட்டைவிரல்?" என்றார் நிபாரண் பாபு. அவர் கடைசிவரை போராடுகிறவர்.

"பரிசோதனை முடிவு மூணாம் நாளே வந்துடுச்சு. நான்தான் போய் வாங்கினேன். யூரிக் ஆசிட் எக்கச்சக்கமா இருக்காம். ஆட்டுக்கறி, ஈரல், இறால் எதுவும் இப்போதைக்குக் கண்ணால பார்க்கக் கூடாதுன்னாங்க. அளவு நல்லாக் குறைஞ்சப்புறம் எப்போவாவது ஒரு துண்டு."

"நீ அதுக்கு முன்னாடியே..."

"முதல் நாளே தெரியும். முழங்கால் வலி எனக்குத் தெரியாதா? போர்வை பட்டதுக்கெல்லாம் அது அலறாது. நீங்க நடுவுல ரெண்டு நாள் என்னைப் பார்த்துப் பார்த்து எழுந்திருக்கப் பழகினதும் தெரியும். நல்லாத்தான் வந்துச்சு. உதட்டைக் கடிக்கணும், அதை மட்டும் மறந்துட்டீங்க."

"தெரிஞ்சும் ஏன் சொல்லலே?"

ஹிரண்மயி கத்தியை வைத்துவிட்டுத் திரும்பினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. "சொல்லியிருந்தா மேடை வந்திருக்குமா? கட்டைவிரல் பத்துப் பன்னிரண்டு நாள்ல அடங்கிடும்னு டாக்டரம்மா சொன்னாங்க. கஃபூர் மேஸ்திரி ரெண்டு வாரம் கேட்டார். நீங்க நடுவுல சரியாகி எழுந்து உளியைப் பிடுங்கிட்டா? ரெண்டு ஆள் கூடப் போடச் சொன்னேன். நான் ஒண்ணும் உங்களைப் பட்டினி போடலையே. பத்தியமாத்தானே போட்டேன்? அதான் இன்னைக்கு வேட்டி கட்டிக்கிட்டுக் கடைக்குப் போயிட்டு வந்தீங்க."

நிபாரண் பாபு மாட்டிக்கொண்டார். ஆனால் மாட்டிக்கொண்டதற்காகத் தோற்றுப்போகிறவர் இல்லை அவர். நெஞ்சை நிமிர்த்தினார். "அப்போ இந்தக் கறி? தூக்கிக் குப்பையில போடுவியா? காசு கொடுத்து வாங்கியிருக்கேன்."

"குப்பையில ஏன் போடணும்? டாக்டரம்மாவை மத்தியானம் சாப்பிட வரச் சொல்லியிருக்கேன். உங்க கைப்பக்குவத்தைப் பத்தி அப்படிச் சொல்லி வெச்சிருக்கேன். பரேஷ்தா சம்சாரமும் வர்றாங்க."

"அவங்களுக்கு நான் சமைக்கணுமா? நான்? முடியாது. இந்த வீட்டுல எனக்கும் ஒரு மானம் இருக்கு."

"சரி, விடுங்க. நானே செய்யறேன். வெங்காயத்தோட கறியையும் போட்டு, நிறையத் தண்ணி ஊத்திக் கொதிக்க வெச்சா வெந்துடாதா?"

தண்ணீர் என்ற வார்த்தையைக் கேட்டதும் நிபாரண் பாபு பதறிப்போனார். மானம் பெரிதுதான். ஆனால் பின்தொடைக் கறியில் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்க மானமுள்ள எவனாலும் முடியாது. "தள்ளு" என்று அவள் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கினார்.

இரண்டு மணி நேரம் கிளறினார். கடுகெண்ணெய் புகைந்தது. வெங்காயம் பழுப்பானது. மசாலா ஒட்டி, எண்ணெய் பிரிந்து, வாசனை ஜன்னல் வழியாகப் போய் அடுத்த வீட்டுப் பிராணாயாமத்தை ஆரம்பித்து வைத்தது. மேடை சரியான உயரம்தான் என்பதை நிபாரண் பாபு மனசுக்குள் ஒப்புக்கொண்டார். வாயால் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் ஒரு சிறு துண்டைக் கரண்டியில் எடுத்து, யாருக்கும் தெரியாமல் ஊதி ஆறவைத்து, வாய் வரைக்கும் கொண்டுபோனார்.

"உப்புப் பார்க்கத்தான்" என்றார்.

ஹிரண்மயி கரண்டியை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கி, துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். கண்ணை மூடி நிதானமாக மென்றாள்.

"உப்பு ஒரு கல் தூக்கல்" என்றாள். "அடுத்த ஞாயித்துக்கிழமை பார்த்துப் போடுங்க."